குழிக்குப் பற்றாத மண்

2007-இல் தொடங்கி ஐந்து வருடம் சிதம்பரத்தில் நான் குகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். அந்த ஐந்து வருடத்தில் ஒரு குகைக்குள்ளும் கால் வைத்ததில்லை. என் குகைகளில் பாதி நிலவிலும் செவ்வாயிலும் இருந்தன. மீதி, சனிக்கோளைச் சுற்றிவரும் டைட்டன் என்ற துணைக்கோளில். அங்கெல்லாம் போக பஸ் கிடையாது என்பதால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் பார்ப்பதுதான் வேலை.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். பூமியில் பெரும்பாலான குகைகளைத் தண்ணீர் செய்கிறது. சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். நிலவில் தண்ணீர் ஓடவில்லை, எரிமலைக் குழம்பு ஓடியது. ஓடும்போதே மேல்பகுதி ஆறி இறுகிவிட, உள்ளே இருந்த குழம்பு வடிந்துபோய், நீளமாக ஒரு சுரங்கம் மிஞ்சியது. டைட்டனில் பெய்கிற மழை மீத்தேன் மழை. அது அங்கிருக்கும் தரையைக் கரைத்துப் பள்ளத்தாக்காக்கியிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆக, உலகத்துக்கு ஒரு விதம். ஆனால் அடியில் காலியிடம் இருந்தால் மேலே தரை ஏதாவது ஓர் அடையாளம் காட்டிவிடும். அந்த அடையாளங்களை ஒப்பிடுவதுதான் என் ஆராய்ச்சி.

இதை நான் இரண்டு நிமிடம் சொன்னால் அக்கா வீட்டில் இரண்டு நாள் சிரிப்பார்கள். அக்கா கல்யாணமாகி கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருந்தாள். மாமா குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். மாமாவின் அம்மாவும் அவர்களோடுதான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நான் சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து போய் இறங்கினால் மாமா வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க டாக்டரம்மா. நிலாவுல இன்னா சமாச்சாரம்? மழையா?"

அத்தையின் கவலை வேறு. "கல்யாணம் ஆவாத பொண்ணு எதுக்கும்மா செவ்வாயப் பத்திப் படிக்குது? வேற கிரகமே கிடைக்கலையா?" என்பார். ஜாதகத்தில் இல்லாத செவ்வாய் தோஷத்தை நானே தேடிப் போய் வாங்கிக்கொள்கிறேன் என்று அவருக்கு உண்மையாகவே பயம்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த கோபத்தை அப்படியே காட்டுவேன். அந்த நாளில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

2009-இல் அக்காவும் மாமாவும் மனை வாங்கினார்கள். கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு செம்மண் மேடு. அதற்கு முன் அது முந்திரிக்காடு. ஜேசிபி விட்டு மரங்களைப் பிடுங்கி, மேடுபள்ளத்தைச் சமப்படுத்தி, கல் நட்டு பிளாட் போட்டிருந்தார்கள். மனைக்கு மேற்கே முந்திரி மரங்கள் இன்னும் மிச்சமிருந்தன. கிழக்கே, மனையின் பின்மூலையை ஒட்டி, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓர் ஓடை. ஓடைக்கரை இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு நின்றது. மாமா அதையும் ஒரு வசதியாகச் சொன்னார். "தண்ணி தேங்கவே தேங்காது பாரு. எவ்ளோ மழ பேஞ்சாலும் வடிஞ்சுடும்."

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் மனை பார்க்க நாள் குறித்தார்கள். எங்கள் பக்கம் வீடு கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். முழத்துக்கு முழம் ஒரு குழி தோண்டுவார்கள். எடுத்த மண்ணை அப்படியே திரும்பப் போட்டு நிரப்புவார்கள். குழி நிறைந்து மண் மிஞ்சினால் அந்த வீடு தழைக்கும். சரியாக இருந்தால் பாதகமில்லை. மண் பற்றாமல் போனால் அந்த மனை ஆகாது. மேஸ்திரி நடுவில் தோண்டலாம் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பின்பக்கம் அடுப்படி வரப்போகிற மூலையில்தான் தோண்ட வேண்டும் என்று நின்றாள்.

"நாள் பூரா நான் நிக்கப்போற எடம் அதுதான. அங்கதான் பாக்கணும்."

நான் ஒரு முந்திரி மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தேன். தோண்டினார்கள். மண் சர்க்கரை போல உதிர்ந்து வந்தது. திரும்பப் போட்டார்கள். கடைசிக் கூடையும் கவிழ்த்தாயிற்று. குழி நிறையவில்லை. வாயிலிருந்து ஒரு சாண் இறக்கம் அப்படியே இருந்தது.

அக்கா முகம் வெளுத்துப்போயிற்று. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். பத்திரம் முடிந்த மனை. திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது.

"மண்ணு பத்தலையே" என்றாள் அக்கா. "வாணாங்க. இங்க கட்ட வாணாம்."

அப்போதுதான் நான் முன்னால் வந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "அக்கா, மேஸ்திரி ஒவ்வொரு கூடைக்கும் ஏறி மிதிச்சாரு. மிதிச்சா மண்ணு அமுங்கும், குறையும். இதுக்கு எதுக்கு இப்படிப் பேயறஞ்ச மாதிரி நிக்கிற? நான் மண்ணையும் கல்லையும்தான் படிக்கிறேன், சொல்றேன் கேளு. இது சும்மா மூடநம்பிக்கை" என்றேன்.

"அப்போ மீதி மண்ணு எங்கடி போச்சு?"

"செவ்வாய்க்குப் போச்சு."

மாமா வெடித்துச் சிரித்தார். மேஸ்திரி சிரித்தார். அத்தைகூட முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "படிச்ச பொண்ணு சொல்லுது, அப்புறம் இன்னா" என்று மாமா முடித்துவிட்டார். அவருக்கு அப்படி யாராவது சொல்ல வேண்டியிருந்தது, நான் சொன்னேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குழியோரம் குனிந்து அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகுந்த வீட்டு ஆட்கள் முன்னால் அவளை நான் முட்டாளாக்கியிருக்கிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. பஸ் ஏறும்போது நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஏறினேன்.

வேலை ஆரம்பித்தது. புரட்டாசிக்குள் கடைக்கால் எடுத்து, கல் போட்டு, பேஸ்மட்டம் எழுப்பிவிட்டார்கள். மாமா ஒவ்வொரு வாரமும் போனில் நிலவரம் சொல்வார். அக்கா போனில் வீட்டைப் பற்றிப் பேசமாட்டாள். நானும் கேட்கவில்லை.

ஐப்பசி ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை காலை. டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டர் அறையில் நானும் என்னோடு ஆராய்ச்சி செய்த ஒரு தோழியும் மட்டும் இருந்தோம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. செவ்வாய்க் குழிகளைப் பற்றிய அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். செவ்வாயில் சில இடங்களில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் வரிசை கட்டி நிற்கும். விண்கல் விழுந்த குழி என்றால், தெறித்த மண் விளிம்பைச் சுற்றி மேடாகக் கிடக்கும். இந்த வரிசைக் குழிகளைச் சுற்றி எதுவும் கிடக்காது. அடியில் ஒரு விரிசலோ வெற்றிடமோ இருக்கிறது. மேலே உள்ள பொலபொலப்பான மண் அதற்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. இறங்க இறங்க மேலே கிண்ணம் உண்டாகிறது. இதையெல்லாம் எழுதி, அத்தியாயத்தின் முக்கியமான வாக்கியத்தைத் தட்டினேன்: "குழியிலிருந்த மண் வெளியே வரவில்லை. அது கீழே போயிருக்கிறது."

முற்றுப்புள்ளி வைத்த கை அப்படியே நின்றது. மீதி மண்ணு எங்கடி போச்சு?

மேஸ்திரி மிதித்ததை நான் நிஜமாகவே பார்த்தேனா என்று யோசித்தேன். முதல் இரண்டு கூடைக்கு மிதித்தார். பிறகு அவர் ஓரமாக நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கெட்டியான தரையைத் தோண்டினால் மண் பொலபொலத்து அளவில் கூடும், லேசாக மிதித்தாலும் மிஞ்சத்தான் வேண்டும். குறைந்தது என்றால், தோண்டுவதற்கு முன்பே அந்த மண் உள்ளே தளர்ந்துபோய், இறுக்கமில்லாமல் இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி செய்திருக்க வேண்டியதில்லை. முதல் வருடப் பாடம்.

செயற்கைக்கோள் படங்களை இலவசமாகப் பார்க்கிற வசதி அப்போது கம்ப்யூட்டரில் வந்திருந்தது. செவ்வாயை மூடிவிட்டு அதைத் திறந்தேன். கடலூர், பண்ருட்டி ரோடு, செம்மண் மேடு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் போனேன். படம் பழையது, பிளாட் போடுவதற்கு முன் எடுத்தது. மனை இருக்கும் இடத்தில் முந்திரி மரங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. அந்தப் பச்சைக்கு நடுவே ஐந்து கறுப்புப் புள்ளிகள். மேற்கிலிருந்து கிழக்கே, சரிவைப் பிடித்துக்கொண்டு, நேராக ஓடையைப் பார்த்து இறங்கின. ஐந்தாவது புள்ளி அக்காவின் மனைக்குள் இருந்தது.

தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பலாக்கன்னு வைக்கத் தோண்டின குழியா இருக்கும்" என்றாள். அவளும் பண்ருட்டிப் பக்கம்தான். அவள் சொன்னபடி இருக்கக்கூடாதா என்று மனசு கெஞ்சியது. ஆனால் கன்றுக்குக் குழி எடுக்கிறவர்கள் கயிறு பிடித்து, சம தூரம் விட்டு, ஒரே அளவாக எடுப்பார்கள். இவை ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. வரிசையும் கொஞ்சம் வளைந்து போனது.

அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மனை பார்த்த அன்று ஓடைக்கரையில் ஒரு பொந்தைப் பார்த்திருந்தேன். கீரிப்பிள்ளை வளை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வளையின் வாயிலிருந்து கீழே, மாவு சலித்துக் கொட்டியது போல மெல்லிய சிவப்பு மண் விசிறியாகப் படிந்திருந்தது. கீரி மண்ணைச் சலிக்காது, தண்ணீர்தான் சலிக்கும். மேலே குழிகளில் இறங்குகிற மழைநீர், அடியில் மண்ணை அரித்துக்கொண்டு குழாய் போல ஒரு வழி செய்து, ஓடையில் போய் வெளியே வருகிறது. சுண்ணாம்புப் பாறை இல்லாமலே, வெறும் மண்ணில் உண்டாகிற குகை. அதைப் பற்றியும் என் ஆராய்ச்சியில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வெளிநாட்டு உதாரணங்களோடு.

குழிக்கும் ஓடைக்கும் நடுவில் இருப்பது அக்காவின் அடுப்படி.

வராந்தாவுக்கு ஓடிவந்து மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா ஷிப்டில் இருந்தார். பிளான்ட்டுக்குள் போன் எடுத்துப்போக முடியாது. அக்காவுக்குப் போட்டேன்.

"அக்கா, இன்னிக்கு வேலை நடக்குதா?"

"நடக்குது. அடுப்படிப் பக்கம் மண்ணு கொட்டி ரொப்புறாங்க. நாலு பேரு இருக்காங்க. ஏன்?"

"நிறுத்தச் சொல்லு. அந்த மூலைக்கு யாரும் போவக் கூடாது. நான் கிளம்பி வரேன்."

ஏன், எதற்கு என்று கேட்பாள், பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"மண்ணா?"

"ஆமாங்கா."

"சரி, வா" என்று வைத்துவிட்டாள்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒரு மணி நேரம்தான். அன்று புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மழை வலுத்து, ஜன்னல் ஷட்டரை எல்லோரும் இறக்கிவிட, இருட்டுக்குள் உட்கார்ந்து பயந்துகொண்டே போனேன். அக்கா சொல்லி ஆட்கள் வெளியே வந்திருப்பார்களா என்பது முதல் பயம். இரண்டாவது பயத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: என் மானம். டிபார்ட்மென்டில் புதுசாக ஒரு கருவி வந்திருக்கிறது, அதில் தெரிந்தது என்று சொல்லலாமா? மழை ஜாஸ்தியாகும் என்று ரேடியோவில் சொன்னார்கள், கொஞ்ச நாள் வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லலாமா? ஆலப்பாக்கம் வருவதற்குள் நான்கு பொய் தயாரித்துவிட்டேன். நான்கும் நன்றாகவே இருந்தன.

மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஆட்கள் நான்கு பேரும் ரோட்டோரம் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அக்கா குடை பிடித்துக்கொண்டு பேஸ்மட்டத்துக்கு இப்பால் காவல் நின்றாள். ஷிப்ட் முடிந்து மாமாவும் வந்துவிட்டார், அத்தையும் ஆட்டோவில் வந்திருந்தார். மேஸ்திரி முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னா டாக்டரம்மா, நிலாவுல எதுனா ஆயிடுச்சா?" என்றார் மாமா. ஆனால் அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நான் அந்த ஐந்தாவது குழி இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தேடினேன். ஜேசிபி மூடிவிட்டுப் போயிருந்தது. பேஸ்மட்டத்துக்கு வெளியே, அடுப்படி மூலைக்கு மேற்கே பத்தடி தள்ளி, தரை லேசாகச் சட்டி போலக் குழிந்து, சுற்றிலும் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. இந்த மழையில் அதில் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். ஒரு சொட்டு நிற்கவில்லை.

"இங்க ஊத்துற தண்ணி ஓடைக்கரைப் பொந்துல வருதான்னு பாக்கணும். தண்ணியில கலர் கலக்கணும்" என்றேன். குகை ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்வார்கள், ஓரிடத்தில் சாயம் கலந்துவிட்டு எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள்.

"எங்க கம்பெனியில இல்லாத சாயமா? கேட்டு வாங்கியாறேன்" என்று மாமா வண்டியை எடுக்கப் போனார்.

"ஒண்ணும் வாணாம். பக்கத்துல கிணறு இருக்குது" என்று அக்கா தடுத்துவிட்டு, ரோட்டு முனைக் கடைக்குப் போய் ஆறு பாட்டில் சொட்டு நீலம் வாங்கி வந்தாள். வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற அதே சொட்டு நீலம்தான்.

பக்கத்துக் கொல்லையில் கேட்டு மோட்டார் போட்டு, ஹோஸ் இழுத்து, பள்ளத்தில் தண்ணீர் விட்டோம். பள்ளம் குடித்துக்கொண்டே இருந்தது. ஆறு பாட்டிலையும் ஊற்றினேன். நீலம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே இறங்கிப் போனது. அக்கா ஓடையில் இறங்கி, பொந்துக்கு எதிர்க்கரையில் போய் நின்றுகொண்டாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. மாமா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"வரலன்னா?"

"வரலன்னா நான் முட்டாள் மாமா."

"வந்தா?"

"வந்தா அதவிடப் பெரிய முட்டாள்."

அக்கா செல்போனோடுதான் இறங்கியிருந்தாள். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. அவள் போட்ட கூச்சல் பண்ருட்டி வரைக்கும் கேட்டிருக்கும். "வருதுடீ! கத்திரிப்பூ கலர்ல வருதுடீ!"

எல்லோரும் ஓடினோம். பொந்திலிருந்து செம்மண் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பும் நீலமும் கலந்து கத்திரிப்பூ நிறம். மேஸ்திரி பையிலிருந்து நூலை எடுத்தார். ஒரு முனையைப் பள்ளத்தில் என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை எடுத்துக்கொண்டு போய்ப் பொந்துக்கு மேலே கரையில் பிடித்தார். நூல் அடுப்படியின் குறுக்கே போனது. அன்று குழி தோண்டிய இடத்துக்கு நேர் மேலே.

நான் தயாரித்து வைத்திருந்த நான்கு பொய்யில் ஒன்றும் வாயில் வரவில்லை. நூலைக் கீழே விட்டேன். "அத்தை, மாமா, மேஸ்திரி, எல்லாரும் கேளுங்க" என்றேன். "அன்னிக்கு அக்கா கேட்ட கேள்விதான் சரி. மண்ணு கீழ போயிருக்கு. நான் பாக்காமலே பதில் சொன்னேன். எதிர்ல கிடந்த மண்ணப் பாக்கல, ஓடைப் பொந்தப் பாக்கல. அக்காவ கேலி பண்ணி எல்லாரையும் சிரிக்கவெச்சேன். என்னாலதான் இங்க பேஸ்மட்டம் வந்துச்சு."

சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து வருட ஆராய்ச்சியில் அவ்வளவு நீளமாக நான் எதையும் தப்பென்று ஒப்புக்கொண்டதில்லை. மாமா செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பேஸ்மட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேஸ்மட்டத்தோட போச்சு. ஆளோட போவல" என்றார்.

அத்தை என் தலையில் கை வைத்தார். "வூடு கட்டி, பால் காய்ச்சி, இவ அங்க நின்னுக்கினு இருக்கறப்போ தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டவர், அதற்கு மேல் முடிக்காமல் அக்காவைப் பார்த்தார். அக்கா சேற்றுக் காலோடு ஓடையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே காலியான நீல பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

அந்த மூலை விழுந்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. பத்து வருடம்கூட அப்படியே நின்றிருக்கலாம். ஆனால் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டிய மழைக்குப் பிறகு ஒரு காலையில் மாமா போன் செய்தார். "வந்து பாரு" என்றார், அவ்வளவுதான். போனேன். அடுப்படி மூலையில் கருங்கல் கடைக்காலோடு தரை உள்ளே போயிருந்தது. வட்டமாக, மாமாவின் தோள் அளவு ஆழத்தில் ஒரு குழி. சுற்றிலும் ஒரு பிடி மண் கிடக்கவில்லை. செவ்வாயிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது.

ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமா நான் வருத்தப்படுவதாக நினைத்து, "வுடு, கல்லுதான" என்றார். வருத்தமே இல்லை. குழிக்குள் கல் கிடந்தது, சேறு கிடந்தது, மேஸ்திரி மறந்து வைத்த ஒரு கூடை கிடந்தது. வேறு ஒன்றும் கிடக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் குழியையும் பார்த்ததில்லை.

பிறகு படம் எடுத்தேன். படத்தில் அளவு தெரிய ஏதாவது வைக்க வேண்டும், கையில் அளவுகோல் இல்லை, அக்காவின் குடையை விளிம்பில் வைத்தேன். 2012-இல் வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிலவையும் டைட்டனையும் புரட்டித் தள்ளிவிட்டு, என் ஆய்வேட்டில் அந்தப் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். இது எந்த இடம் என்று கேட்டார். "எங்க அக்காவோட அடுப்படி சார்" என்றேன். அரங்கமே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு என்னைப் பார்த்து என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்று டாக்டர் பட்டம் கிடைத்தது.

ஆனால் எனக்கு நிஜமான தேர்வு அதற்கு இரண்டு வருடம் முன்பே, தை மாதத்தில் நடந்து முடிந்திருந்தது. டிபார்ட்மென்டில் கையால் சுற்றித் துளை போடும் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, மனையின் முன்பாதியில் ஒன்பது இடத்தில் துளையிட்டுப் பார்த்தேன். ஒன்பதிலும் இடுப்பளவு ஆழத்துக்குள்ளேயே கெட்டியான செஞ்சரளை தட்டியது. மழைநீர் மேற்கிலிருந்து மனைக்குள் வராமல் சுற்றிப் போக ஒரு வாய்க்காலும் வெட்டச் செய்தோம். வீட்டை ரோட்டுப் பக்கம் தள்ளி, கொஞ்சம் சின்னதாக்கி, அடுப்படியை முன்னுக்குக் கொண்டுவந்து புது பிளான் போட்டார்கள். எல்லாம் சரி என்று எழுதியே கொடுத்தேன். அக்கா அந்தத் தாளை மடித்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, "குழி தோண்டுங்க" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

புது அடுப்படி மூலையில் முழத்துக்கு முழம் தோண்டினார்கள். இந்தத் தடவை கடப்பாரை போட வேண்டியிருந்தது. மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. திரும்பப் போடும்போது அக்கா மேஸ்திரியை விலகச் சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"அப்புறம் மேஸ்திரி மிதிச்சாரு, அதான் இதான்னு யாரும் சொல்லக் கூடாது. நானே மிதிக்கிறேன்."

ஒவ்வொரு கூடைக்கும் ஏறி மிதித்தாள். இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து மிதித்தாள். அத்தை வாயில் முந்தானை, மாமா கையைப் பிசைந்துகொண்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு. கூடை கவிழ்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில் மிதிக்கிற சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தேன். குழி தரைமட்டத்துக்கு நிறைந்திருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு கூடை மண் குவியலாகக் கிடந்தது.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த மண்ணு எங்கேர்ந்துடி வந்துச்சு?"

கெட்டியான மண்ணைத் தோண்டினால் பொலபொலத்து அளவில் கூடும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு கூடும் என்றுகூடச் சொல்லியிருப்பேன். "இங்கியே இருந்துச்சுக்கா" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தக் குவியலின் மேல் ஏறினாள். இரண்டு பேரும் நின்றோம். அவள் ஒரு முறை எம்பிக் குதித்துப் பார்த்தாள், என்னையும் குதிக்கச் சொன்னாள். குதித்தேன். இப்போது அவள் அடுப்பு இருக்கிற இடம் அதுதான்.